முறுக்கு டப்பாவில் பவர் பேங்க்

அந்தக் கறுப்புச் சனியன் அவன் காலுக்குக் கீழேதான் எங்கேயோ இருக்கிறது. கடிக்கிற புது ஷூ, அதற்குக் கீழே இந்த நீலக் கம்பளம், கம்பளத்துக்குக் கீழே தகரமோ என்ன எழவோ, அதற்கும் கீழே பெட்டி அடுக்கும் இடம், அங்கே அப்பா நைலான் கயிறு போட்டு இறுக்கிய அட்டைப்பெட்டி, அதற்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் அம்மா சுட்ட முறுக்கு, முறுக்குக்கு நடுவில் அவனுடைய பவர் பேங்க். ஒலிபெருக்கியில் அந்தப் பெண் இந்தியில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி, கடைசியில் தமிழிலும் சொல்லிவிட்டாள். பவர் பேங்க் எல்லாம் கையோடுதான் இருக்க வேண்டுமாம். சரக்கில் போகிற பெட்டிக்குள் இருக்கவே கூடாதாம், தீப்பிடிக்குமாம், தவறுதலாக வைத்தவர்கள் உடனே பணியாளரிடம் தெரிவிக்க வேண்டுமாம். நன்றி, வணக்கம். நன்றி வணக்கமா. ஒருத்தன் குடலைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு நன்றி வணக்கமா. பூவரசன் ஜன்னலைப் பார்த்தான். இறக்கைப் பக்கம் ஒரு லாரி நின்று குழாய் வழியாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம். கதவு இன்னும் சாத்தவில்லை, கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் பெரிய தொல்லை. கதவைச் சாத்தி மேலே ஏறிவிட்டால் இனிமேல் என்ன செய்ய முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். கதவு திறந்தே இருக்கிறது. இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பெட்டியை இறக்குவார்கள், கூடவே அவனையும் இறக்குவார்கள், விமானம் அவனைத் திருச்சியிலேயே விட்டுவிட்டு ஷார்ஜா போய்விடும், அவன் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வருவான், வெளியே வேன் நிற்கிறது.

அந்த வேன்தான் பயம். தீ கூட அப்புறம்தான். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் வெளிநாடு கிளம்பினால் அவன் மட்டும் கிளம்புவதில்லை, பாதித் தெரு கூடவே கிளம்பும். அம்மா, அப்பா, அக்கா தேன்மொழி, சித்தப்பா வீட்டில் அத்தனை பேர், பக்கத்து வீட்டு அலமேலு அத்தை, கூடப் படித்த கிஷோர், வழியில் கை காட்டி ஏறிக்கொண்ட யாரோ ஒரு பெரியவர், அவர் யாரென்று இந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது, ஆனால் அவரும் திருநீறு பூசி அனுப்பினார். பையன் உள்ளே போனதும் திரும்பிப் போகிற கூட்டம் இல்லை இது. விமானம் மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையாட்ட வேண்டும், அது மேகத்துக்குள் போனபிறகு அம்மா கொஞ்சம் அழ வேண்டும், அதற்கப்புறம் கட்டிக் கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரிக்க வேண்டும். இதில் எதுவும் நடக்காமல் அவன் பெட்டியோடு நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தான், நினைக்காதே என்று தனக்கே சொன்னான், மறுபடி நினைத்தான். அப்பா எதுவும் கேட்க மாட்டார். அதுதான் கொடுமை. வேன் கதவைத் திறந்துவிட்டு, ஏறு என்பதுபோல் தலையை ஆட்டுவார். டிரைவர் கேட்பான், என்ன தம்பி அதுக்குள்ள துபாய் முடிஞ்சிருச்சா என்று. துபாய் இல்லைடா, ஷார்ஜா. டிரைவருக்கு எல்லாம் துபாய்தான்.

அம்மாவையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. அவளுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பிவிட்டார்கள், எந்த நாட்டிலோ ஒருத்தன் பையிலிருந்து புஸ்ஸென்று புகை வந்து அவன் பையை விட்டுவிட்டு ஓடுகிற வீடியோ. அதைப் பார்த்ததிலிருந்து பூவரசனின் பவர் பேங்க்கை அவள் நல்லபாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். சார்ஜ் ஏறி முடித்ததும் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி சுடுது என்றாள். "இத ஒடம்போட வச்சுக்காத அரசு. பெட்டியில போயிரட்டும். முறுக்கு டப்பாவுக்குள்ள வச்சு மூடிரு. வெடிச்சாலும் டப்பாவுக்குள்ளயே வெடிக்கட்டும்." இதில் என்ன தப்பு. மண்ணெண்ணெயை அடுப்புக்குப் பக்கத்தில் யாரும் வைப்பதில்லை, பட்டாசைத் தலையணைக்கு அடியில் யாரும் வைப்பதில்லை. வெடிக்கிற சாமானை மடியில் வைத்துக்கொள், மடியில் இருந்தால்தான் பத்திரம் என்று சொல்கிற இடம் உலகத்திலேயே இந்த விமானம் ஒன்றுதான். அவனும் அடுப்படியைப் பார்த்து, வச்சிட்டேம்மா என்று குரல் கொடுத்தான். அப்புறம் அப்பா வந்து பெட்டியைக் கட்டினார். அப்பா கட்டினால் கட்டினதுதான். சாமியானா பந்தல் போடுகிற கை. அந்த முடிச்சை அவரைத் தவிர யாரும் அவிழ்த்ததில்லை, பிளேடு வைத்து அறுத்தால்தான் உண்டு. இன்றைக்குக் காலையில் பெட்டி போடுகிற மேசையில் உட்கார்ந்திருந்த பெண், உள்ளே லைட்டர், பவர் பேங்க் ஏதாவது இருக்கா சார் என்று கேட்டாளே, கேட்டாள்தானே, அவன் இல்ல மேடம் என்றான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருத்தர் இருக்கா என்று கேட்டால் இல்லை என்பதும், இல்லையா என்று கேட்டால் இருக்கு என்பதும் பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடும். மெஷின் கண்டுபிடித்திருக்க வேண்டுமே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஓடின வேகத்தில் திரும்பி வந்தது. எவர்சில்வர். எலும்பையே தாண்டாத எக்ஸ்ரே எவர்சில்வரை எங்கே தாண்டும். அம்மா, நீ எவர்சில்வரையா தேர்ந்தெடுக்கணும், ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைக்கவில்லையா உனக்கு.

பக்கத்து இருக்கையில் நைனா முகம்மது என்று ஒருவர், கீழக்கரைக்காரர், ஷார்ஜாவில் ஒரு அரபி வீட்டில் சமையல், போய் வந்து போய் வந்து விமானத்தை டவுன் பஸ் மாதிரி ஆக்கிக்கொண்டவர். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றினார், சட்டைப்பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்தார், தம்பிக்கு மொதல் தடவையா என்று கேட்டார். ரெண்டாவது தடவை என்றான் பூவரசன், எதற்கென்று தெரியாமல். அவர் சிரித்துக்கொண்டே, பெல்ட்ட மாட்டு, அது என்னோட பெல்ட், ஒன்னோடது அந்தப் பக்கம் கெடக்கு என்றார். அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டான். அதாவது, யாரோ ஒருத்தன், தெரிந்த பையன்தான், தெரியாமல் பவர் பேங்க்கைக் கீழ்ப்பெட்டியில் போட்டுவிட்டான் என்று வைத்துக்கொண்டால். நைனா முகம்மது கடலைத் தோலை ஊதிவிட்டு, அது பெரிய தப்பாச்சே என்றார். இங்க பொகஞ்சா நாம பாப்போம், இந்த ஏர்ஹோஸ்டஸ் புள்ளைங்க ஓடியாந்து தண்ணியக் கொட்டும், கீழ பொகஞ்சா யாரு பாக்குறது, பெட்டியா பாக்கும் என்றார். அதோடு விட்டாரா. ஒரு தடவை இப்படித்தான் யாரோ மடிக்கணினி புகைந்து, விமானத்தை நடுவழியில் ஏதோ ஒரு ஊரில் இறக்கி, எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, பிரியாணி போட்டார்களாம். பிரியாணி சுமார்தான் என்றார். இந்தக் கதையில் பிரியாணிதான் அவருக்கு நினைவில் நின்றிருக்கிறது. பிரியாணி போட்டார்கள் என்றால் ஆட்கள் உயிரோடுதான் இருந்திருக்கிறார்கள் என்று பூவரசன் ஒரு ஆறுதலைப் பிடித்தான். ஆனால் அந்தக் கணினி மேலே, மனிதர்களுக்கு நடுவில் இருந்தது. அவனுடையது முறுக்குக்கு நடுவில் இருக்கிறது. முறுக்கு ஓடி வந்து தண்ணீர் கொட்டுமா. முறுக்கு எண்ணெயில் பொரித்தது வேறு. எண்ணெய், காகிதம், அட்டை, நைலான் கயிறு, அக்கா புருஷனுக்கு என்று அக்கா கொடுத்துவிட்ட கைலிகள். அடுப்பு மூட்டுகிறவன் கூட இவ்வளவு பொருத்தமாக அடுக்க மாட்டான்.

செல்போனில் சார்ஜ் வேறு கடைசி மூச்சில் இருந்தது. அதுவும் அவனாகத் தேடிக்கொண்டதுதான். வேனில் ஏறினதிலிருந்து வீடியோ. வேனை வீடியோ, அம்மா அழுவதை வீடியோ, அழுகிற அம்மா வீடியோ எடுக்காதடா என்று அடிக்க வருவதை வீடியோ, விமான நிலையத்துக் கக்கூஸில் கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வருவதை வீடியோ. ஷார்ஜாவில் இறங்கியதும் அக்கா புருஷன் முத்தழகு மச்சானுக்குப் போன் போட வேண்டும், மச்சான் நம்பர் போனுக்குள்தான் இருக்கிறது, தலைக்குள் இல்லை. நைனா முகம்மது தன் வயரைக் கொடுத்தார், முன் இருக்கையின் முதுகில் ஒரு பொத்தல் இருந்தது, அதில் செருகச் சொன்னார். செருகினால் லொட லொடவென்று ஆடியது. கட்டைவிரலால் மேல்பக்கமாக அமுக்கிப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, விரலை எடுத்தால் டிங் என்று நின்றுவிடுகிறது. ஆகவே அவன் அமுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், அணை உடைப்பைக் கையால் அடைத்தவன் மாதிரி. அமுக்கிப் பிடித்தும் நான்கு சதவீதம் மூன்றாகத்தான் ஆனது. ஏறுகிற வழியாக இறங்கவும் செய்யுமா. இதற்குத்தான் பவர் பேங்க் வாங்கினது. இந்த நேரத்துக்காகத்தான். அது இப்போது காலுக்குக் கீழே நிறையச் சார்ஜோடு, ஒரு ஊரையே எரிக்கிற சார்ஜோடு, முறுக்கு மேல் படுத்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டைவிரல் நழுவி டிங் என்றது. டிங் சத்தத்துக்குக் கம்பளத்திலிருந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். கீழே இருந்து வந்த சத்தமோ என்று.

அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இவன் திருச்சியத் தாண்ட மாட்டான் என்று. அவனிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார், அவன் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு. காரணம் அந்தக் காதுகுத்து. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் தேர்வின் பாதியில் எழுந்து வந்தபிறகு பூவரசன் அப்பாவோடு பந்தல் வேலைக்குப் போனான். போனான் என்றால், நின்றான். குழிபிறையில் ஒரு காதுகுத்து வீடு. அப்பா மறுகோடியில் கம்பு நட்டுக்கொண்டே, அந்த மூலக் கயித்த இறுக்கிட்டியா என்று கேட்டார். இறுக்கிட்டேன் என்றான். இறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அது உண்மை. நினைப்புக்கும் சொல்லுக்கும் நடுவில் கை என்று ஒன்று இருக்கிறது, அது அப்போது செல்போனில் இருந்தது. மத்தியானம் முதல் பந்தி உட்கார்ந்து சாம்பார் வாளி வருகிற நேரம், காற்று ஒன்றும் பெரிய காற்று இல்லை, பந்தல் அந்த மூலையிலிருந்து மெதுவாக, பெருமூச்சு விடுகிற மாடு மாதிரி உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் தாய்மாமன் தலையில் துணி, துணிக்கு மேல் சாம்பார், உள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம், காது குத்துவதற்கு முன்பே. அப்பா ஓடிவந்து துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அன்றிலிருந்து அவன் வாயிலிருந்து வருகிற எந்த ட்டேனையும் அவர் எடுத்துக்கொள்வதில்லை. மோட்டாரை அணைச்சிட்டேன் என்றால் எழுந்துபோய்ப் பார்ப்பார். கதவைப் பூட்டிட்டேன் என்றால் போய் இழுத்துப் பார்ப்பார். பல்லு வெளக்கிட்டேன் என்றால் கூட முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். தேன்மொழி அக்காதான் அவருக்குத் தெரியாமல் முத்தழகு மச்சானிடம் அழுது, ஏசி பழுது பார்க்கிற கம்பெனியில் ஹெல்ப்பர் விசா வாங்க வைத்தாள். தம்பி திருந்திட்டான் என்று சொல்லி. அதுவும் ஒரு ட்டான். இப்போது எழுந்துபோய்ச் சொன்னால் அக்கா சொன்னதும் பொய்யாகும், அப்பா சொன்னது பலிக்கும். அப்பா சொன்னது பலிப்பதைவிட விமானம் பற்றி எரிந்தால் தேவலை என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. முன்னால் யாருடையதோ ஒரு கைக்குழந்தை இருக்கைக்கு மேலாக எட்டிப் பார்த்து அவன் செல்போனைக் கேட்டுக் கையை நீட்டியது. தர முடியாதுடா, விரல எடுத்தா நின்னுரும் என்றான் அதனிடம். அது புரிந்த மாதிரி எச்சில் விட்டது.

எண்ணெய் லாரி குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இனிமேல் கதவு சாத்துவார்கள். பரவாயில்லை, ஒன்றும் ஆகாது, ஆயிரம் பேர் இப்படி வைத்திருப்பார்கள், எல்லாம் வெடித்தா விடுகிறது, வெடித்தால் வானத்தில் ஏது விமானம் என்று ஒரு பக்கம் ஓடியது. காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி சுடுது என்று இன்னொரு பக்கம் அம்மா சொன்னாள். டப்பாவை மூடி வைத்தால் சூடு எங்கே போகும், போக வழியில்லை, முறுக்கு முதலில் மெதுவாகச் சிவக்கும், அப்புறம் கருகும். மூக்கில் ஏதோ கருகின வாடை. உண்மையாகவே கருகின வாடை. நைனா முகம்மதின் வறுத்த கடலை அது. அவரோ அதற்குள் தூங்கியிருந்தார். பேசிக்கொண்டிருந்த மனிதர் பேச்சின் பாதியில் விளக்கை அணைத்தாற்போல் தூங்கி, தலையை அவன் தோளில் சாய்த்துவிட்டார். அத்தர் வாசனையும் கடலை வாசனையுமாக. பாரம். முன்பின் தெரியாத ஒருத்தனின் தோளில் எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தலையை வைக்கிறார். வைக்கக் கூடாது பாய். நான் அதற்கு ஏற்ற ஆள் இல்லை. இறுக்கிட்டேன் என்று சொல்லிவிட்டு இறுக்காமல் விட்டவன் நான், என் மூலையில் உட்காராதீங்க. தோளை மெல்ல அசைத்தான். அவர் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். பூவரசன் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தான், எச்சில் விடுகிற குழந்தையைப் பார்த்தான், கட்டைவிரலைப் பார்த்தான். எழவு, போய்த் தொலையட்டும் என்று விரலை எடுத்தான். டிங். கையைத் தூக்கி மேலே இருந்த பொத்தானை அமுக்கினான். விளக்கு எரிந்து அவன் மூஞ்சியில் அடித்தது. அது விளக்குப் பொத்தான். பக்கத்துப் பொத்தானை அமுக்கினான். நைனா முகம்மதின் விளக்கு எரிந்தது. அவர் எழவில்லை. மூன்றாவதாக ஒன்றை அமுக்கியபோதுதான் எங்கோ மணி அடித்தது, அவன் விளக்கு வெளிச்சத்தில் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

வந்தவள் சட்டையில் ரோஸ்லின் என்று எழுதியிருந்தது. சொல்லுங்க சார் என்றாள். வாழ்க்கையில் அவனை யாரும் சார் என்று அழைத்ததில்லை, காலையிலிருந்து எல்லோரும் அழைக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் பின்னால் வாத்தியார் நிற்கிறாரோ என்றுதான் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரே மூச்சில் சொன்னான். பெட்டி, கயிறு, டப்பா, முறுக்கு, அம்மா, வீடியோ, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, எறக்கிருங்க, எங்க ஆளுங்க வெளியதான் நிக்கிறாங்க, வேன் இருக்கு என்றும் சேர்த்துக்கொண்டான், அவளுக்குச் செலவு வைக்காதவன் மாதிரி. கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறு மாதிரி ஆனது. அது கத்துவதைவிட மோசம். கொஞ்சம் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"கைப்பையில பாத்தீங்களா சார்?"

"அதுல இல்ல. டப்பாவுலதான் வச்சேன். அம்மாகிட்டகூடச் சொன்னேன், வச்சிட்டேன்னு."

"சொன்னீங்க சரி. வச்சீங்களா?"

வைத்தேனா. அடுப்படியிலிருந்து வந்த அம்மா குரல் ஞாபகம் இருக்கிறது. டப்பா ஞாபகம் இருக்கிறது, மூடியில் அக்கா பெயர் வெட்டியிருக்கும், கல்யாணத்துக்கு வந்த டப்பா. பாயில் மல்லாக்கப் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது, கரண்டு போய்விட்டது, மூஞ்சிக்கு மேலே செல்போன், செல்போனிலிருந்து வயர் தொங்கி, வயரின் மறுநுனியில், சூடாக, நெஞ்சுக்கு மேலேயே. வச்சிட்டேம்மா என்று சொன்ன தன் குரல் ஞாபகம் இருக்கிறது, என்ன ஒரு அழுத்தமான குரல். அப்பா வந்து கயிறு போட்ட சர்சர் சத்தம் இருக்கிறது. டப்பா மூடியைத் திறந்த கை மட்டும் இல்லை. எவ்வளவு தோண்டினாலும் கை இல்லை. காலையில் எழுந்து பதறிக்கொண்டு தலைமாட்டில் கிடந்ததையெல்லாம், சீப்பு, விக்ஸ், இன்னும் என்னென்னவோ, துண்டோடு சேர்த்துச் சுருட்டிப் பைக்குள் திணித்தானே. அப்புறம் சோதனைச் சாவடியில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், பேன்ட் நிற்கவில்லை, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டுக்குள் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் அந்தச் சிப்பாய் அவன் பையைக் கிளறி இந்தியில் ஏதோ கேட்டார், இவன் திரும்பிப் பார்க்காமலே ஹாங் ஹாங் என்றான், அவர் எதையோ திரும்ப உள்ளே போட்டுப் பையைத் தள்ளிவிட்டார். எதை. ரோஸ்லின் அதற்குள் எக்கி, மேல் தட்டிலிருந்து அவன் பையை இறக்கி, அவன் மடியில் வைத்துவிட்டாள். அவன் துண்டை இழுத்தான். விக்ஸ் டப்பா உருண்டு நைனா முகம்மதின் மடியில் விழுந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். துண்டின் கடைசிச் சுருளில், வயரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கறுப்பாக, கனமாக, குத்துக்கல் மாதிரி இருந்தது அது.

ரோஸ்லின் ஒரு மூச்சை வெளியே விட்டாள். அப்போதுதான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது. அதை மேலே வைக்கக் கூடாது, கண்ணில் படுகிற மாதிரி கையிலேயே வைத்திருக்க வேண்டும், விமானம் இறங்குகிற வரைக்கும் அதில் எதையும் செருகக் கூடாது என்று சொன்னாள். செல்போனையும் அணைக்கச் சொன்னாள். சரி மேடம் என்றான். அணைச்சிட்டேன் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "ஒங்க பேர் என்ன சார்?" என்று கேட்டாள். எழுதிக்கொள்ளப் போகிறாள் என்று பயந்துகொண்டே சொன்னான். "பூவரசன், அம்மா சொன்னத நீங்க கேக்காததுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே சிரித்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் ரெண்டு பேரின் விளக்கையும் அணைத்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வேன் மனசிலிருந்து காணாமல் போனது. அப்பா, குழிபிறை, சாம்பார் எல்லாம் ஒரு நிமிடம் காணாமல் போயின. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டு அதனால் நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை. இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது. பந்தல் விழாமல் இருந்ததற்குக் காரணம் அவன் கயிறு கட்டாததுதான் என்று சொன்னால் எவன் நம்புவான்.

அணைப்பதற்கு எடுத்த செல்போன் கையிலேயே அடித்தது. அம்மா. இன்னும் கிளம்பலையாடா, இங்க எல்லாரும் அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குதுங்கிறாங்க என்றாள். புளிசாதத்தைப் பிரித்துவிட்டார்கள் என்று தெரிந்தது, பின்னால் சித்தப்பா ஊறுகாய் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பப் போகுதும்மா என்றான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தச் சனியன டப்பாவுலதான வச்ச?" என்று கேட்டாள். வச்சிட்டேம்மா. நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். என்ன கேடோ, இப்போதுதான் ஒரு உண்மையைச் சொல்லி உயிரோடு இருக்கிறோமே, இன்னொன்றையும் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. "வைக்கலம்மா. கையிலதான் இருக்கு." வைக்கலையாம், கையிலதான் இருக்காம் என்று அம்மா அங்கே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அலறினாள். அப்பா குரல் தூரத்தில், அலட்டிக்கொள்ளாமல் கேட்டது, கயிறு கட்டும்போதே டப்பாவத் தெறந்து பாத்தேன், அதுல முறுக்குதான் இருந்துச்சு என்று. பாத்தீங்களா, பாத்துட்டா சும்மா இருந்தீங்க என்று அம்மா அந்தப் பக்கம் ஒரு பாட்டம் கத்திவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி அழுதுகொண்டே கத்தினாள். "அரசு, நான் சொல்றதக் கேளுடா. ஜன்னலத் தொறந்து அத வெளிய வீசிருடா. ஒரு வார்த்த கேளு. வீசிரு." அம்மா, இது திறக்கிற ஜன்னல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது செல்போன் கறுத்துச் செத்தது.

விமானம் நகர்ந்தது, திரும்பியது, ஓடியது, மேலே ஏறியது. நைனா முகம்மது அவன் தோளிலேயே ஷார்ஜா போய்க்கொண்டிருந்தார். மச்சான் நம்பர் எடுக்க ஒரு சொட்டுச் சார்ஜ் இல்லை, மடியில் நிறையச் சார்ஜ் கோழிக்குஞ்சு மாதிரி கதகதவென்று உட்கார்ந்திருக்கிறது, செருகக் கூடாது. பூவரசன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நெற்றியை வைத்தான். கீழே விமான நிலையத்தை ஒட்டின கொட்டப்பட்டுக் குளம், சாலை, தீப்பெட்டி தீப்பெட்டியாக வண்டிகள், அதில் ஒன்று வெள்ளை. அதுவாகத்தான் இருக்கும். சித்தப்பா கையாட்டிக்கொண்டிருப்பார், கிஷோர் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பான், யாரென்றே தெரியாத அந்தப் பெரியவர் கும்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் விமானத்தைப் பார்க்க மாட்டாள். விமானத்துக்குக் கீழே இருக்கிற வெறும் வானத்தைத்தான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள், கறுப்பாக ஏதாவது விழுகிறதா என்று. பக்கத்தில் அப்பா, விழாதுடி, அவன் வீசியிருக்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டே ஊறுகாயைத் தொட்டுக்கொள்வார். விழவில்லை.